முன்கூடத்துச் சுவரிலிருந்து சிமெண்டை உரித்தது

மதுரையில் விக்டோரியா மகாராணி காலத்து வீடு என்று சொன்னால், கேட்பவர்கள் கொடைக்கானல் பங்களா ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு அப்படிப்பட்டதன்று. திண்ணையும் நிலைக்கதவும் நம்முடையவை. முன்கூடத்துக் கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரமும், வாசலுக்கு மேலுள்ள அரைவட்ட வண்ணக் கண்ணாடியும், மரச்சிலாகை வைத்த சன்னல் கதவுகளும் சீமை ரசனை. உத்தரத்தின் பக்கவாட்டில் 'டார்மன் லாங்' என்ற பெயர் ஆங்கில எழுத்தில் புடைத்து நிற்கிறது. அந்த நிறுவனம் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் 1875இல் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் அதுவே. மதுரைக்கு ரயில் வந்ததும் அதே 1875இல்தான் என்பதால், அதற்குப் பிறகு, ராணி மறைந்த 1901க்குள் வீடு எழுந்தது என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவருவதை நான் மறுப்பதில்லை.

வீடு முழுவதையும் சீரமைக்கப் பணம் இல்லை. எனவே முன்கூடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அங்கே சுவரின் கீழ்ப்பகுதி இடுப்பு உயரம்வரை ஓதம் காத்து, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. 'பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்' என்பது உறவினர்களின் தீர்ப்பு. ஆனால் நூறாண்டைக் கடந்த பழைய பூச்சு மேற்பகுதியில் உறுதியாக நிற்கிறது; உதிர்வதெல்லாம் சில பத்தாண்டுகளுக்கு முன் பழுதுபார்ப்பு என்ற பெயரில் பூசப்பட்ட சிமெண்ட். இந்த அறையைக் கெடுத்ததற்கு வயதின் மீது பழி போடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து.

காரணம் மண்ணிலேயே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் அந்த வேலையில் பங்கெடுத்தவர்களின் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கின்றன. தூர்த்த அந்த இடத்தையொட்டி எழுந்த இந்தப் பகுதிப் பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது என்பதால், மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் வழியெங்கும் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பெயர்க்கிறது. திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த வயதான கொத்தனார், சுவரைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சுவரு குளிச்ச ஈரத்தோட மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியாளரும் எனக்கு விளக்கவில்லை.

ஆனாலும் சுவரைத் தொடுவதற்கு முன் கூரையைச் சரிசெய்தாக வேண்டும். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம்: உத்தரத்தின் மேல் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் குத்துவாட்டில் மூலைவாக்காக அடுக்கிய மெல்லிய செங்கற்கள், அதற்கும் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்திய தளம், கடைசியாகத் தட்டோடு. கைப்பிடிச் சுவரில் வேர்விட்டிருந்த அரசங்கன்றை அகற்றி, விரிசல்களுக்குச் சுண்ணாம்புக் கலவை கொடுத்து, தட்டோடுகளின் இணைப்புகளைப் புதிதாக அடைத்தோம். சுவருக்குள் செருகியிருந்த ஒரு சட்டத்தின் முனை மட்டும் உளுத்திருந்தது. ஆசாரி அதை முழுதாக மாற்றச் சொல்லாமல், கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டு வைத்துக் கொடுத்தார்.

அதன்பின் சிமெண்டை உளியால் மெதுவாகப் பெயர்த்து, செங்கல் இடுக்குகளைத் துலக்கி, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டோம். அந்த இடைவெளியில் கொல்லைப்புறக் குழியில் சுண்ணாம்பு நீற்றினோம். சுட்ட கல்லில் தண்ணீர் பட்டதும் கொதித்துச் சீறுகிற அந்தச் சுண்ணாம்பு, எத்தனை வாரம் ஊறுகிறதோ அத்தனை மிருதுவாகும். கடுக்காயைத் தட்டி வெல்லத்துடன் ஊறவைத்த நீரையும் கலவையில் சேர்த்தோம். அது சேர்ந்தால் கலவை கரண்டிக்கு வசமாக இழைகிறது. ஈரம் அதிகமுள்ள கீழ்ப்பகுதிக்கு மணலின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சுர்க்கியைக் கலந்தோம். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூள். வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்லத்தான் கல்லாகும். சுர்க்கி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால்தான் கட்டப்பட்டது என்று சொன்ன பிறகே, சிமெண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த என் சித்தப்பா அமைதியானார்.

சன்னல் கதவுகளில் பல தலைமுறைப் பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்க யாரையும் அனுமதிக்கவில்லை. நனைத்து நனைத்துச் சுரண்டி, துகளைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினோம். கடைசியில் வெளிப்பட்ட தேக்குக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறோம். இப்படிப்பட்ட வீடுகளை வாங்கிச் சீரமைப்பவர்கள் தேக்கைக் கண்ணாடிபோல் பளபளக்கச் செய்து, சுவருக்கு ஆத்தங்குடித் தரையோட்டின் நிறங்களைப் பூசி, ஓட்டல் வரவேற்பறையாக்கிவிடுவது எனக்கு உவப்பானதன்று.

வாசல் மேற்கண்ணாடியில் உடைந்த துண்டுகளுக்கு அதே சிவப்பு எங்கும் கிடைக்கவில்லை. ஏறத்தாழப் பொருந்துகிற சிவப்பைப் போட்டு ஒப்பேற்றுவதைவிட, அவ்விடங்களில் நிறமற்ற கண்ணாடி போடுவதே நேர்மையென்று முடிவு செய்தோம். மின்கம்பிகளுக்காகப் புதுப்பூச்சைக் கொத்தவும் மனம் வரவில்லை. எனவே கம்பிகள் சுவரின் மேலேயே மரப்பட்டிக்குள் செல்கின்றன.

வெளியாரிடம் சொல்லும்போது ஒரு குறையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மேல்சுவரில் அடித்திருப்பது வெறும் சுண்ணாம்பு. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். அதனால் இடுப்பு உயரம்வரை மட்டும் நயமான சுண்ணாம்பு விழுதைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறோம். அங்கேயும் ஐப்பசி மழைக்குப் பிறகு சில இடங்களில் உப்பு மெல்லிதாகப் பூக்கிறது. அதை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.