ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் மூன்று நாள்

அக்டோபர் 14, செவ்வாய்

இஸ்தான்புல், எமினோனு. ஹசிர்ஜிலார் தெருவில் (பாய் முடைபவர் தெரு என்று அர்த்தமாம்) இரண்டு முறை மேலும் கீழும் நடந்தும் பள்ளிவாசல் கண்ணில் படவில்லை. மினாரா தெரிகிறது, வாசலைக் காணோம். கடைசியில் ஒரு கடைக்காரர் கையைக் காட்டினார், கடைகளுக்கு நடுவே ஓர் இருட்டுப் படிக்கட்டு. பள்ளிவாசலே கடைகளின் தலைமேல்தான் இருக்கிறது. கீழே வளைவுக்கூரை போட்ட கடைகள், அவற்றின் வாடகை வக்ஃபுக்கு, மேலே தொழுகை. நெரிசலான சந்தையில் இடத்தையும் மிச்சம் பிடித்து வருமானத்துக்கும் வழி செய்திருக்கிறார் சினான், உஸ்மானிய சுல்தான்களின் தலைமைக் கட்டடக் கலைஞர்.

படியேறியதும் திடீரென்று அமைதி. லுஹர் (மதியத் தொழுகை) தொழுதுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிஹ்ராப் (மக்கா திசையைக் காட்டும் மாடம்), சுவர், தூண் எல்லாம் இஸ்னிக் ஊரில் செய்த டைல்ஸ்தான். டூலிப், கார்னேஷன் பூக்கள், நீலம், பச்சை நீலம், அப்புறம் அந்தச் சிவப்பு. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், கால் வலிக்கிறது.

அக்டோபர் 15, புதன்

காலையில் நீலப் பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே 20,000க்கும் மேற்பட்ட டைல்ஸ் உண்டு, ஆனால் நல்லவையெல்லாம் மேல்மாடத்தில், கீழே நிற்பவனுக்குக் கழுத்துவலிதான் மிச்சம். மதியம் மறுபடி ருஸ்தம் பாஷாவுக்கே வந்துவிட்டேன். இங்கே பூக்கள் கண்ணுக்கு நேரே இருக்கின்றன, சுமார் 80 விதமான வடிவங்கள்.

சரி, சிவப்பு. இரும்புச்சத்துள்ள களிமண்ணைக் குழைத்துக் கண்ணாடி மெருகுக்கு அடியில் தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். அதனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சிவப்பு மட்டும் லேசாகப் புடைத்துத் தெரிகிறது, பழுத்த தக்காளி நிறம். 1550களில்தான் இஸ்னிக்கில் இந்தச் சிவப்பு கைகூடியது, அடுத்த நூற்றாண்டிலேயே மங்கிப் பழுப்பாகிவிட்டது. இந்தக் கட்டடம் 1563 வாக்கில் முடிந்தது, சரியான வேளை. சினானே கட்டிய சுலைமானியாவில் கிப்லாச் சுவரோடு (மக்கா திசையிலுள்ள சுவர்) டைல்ஸ் நின்றுவிடுகிறது, இங்கே அடக்கமே இல்லை. கொஞ்சம் அதிகமோ என்றுகூட முதலில் தோன்றியது. ஆனால் 15 மீட்டர் அகலக் குவிமாடத்தை எட்டுத் தாங்கல்கள் சுமப்பதும், நான்கு மூலையிலும் அரைக் குவிமாடங்கள் அதைப் பிடித்துக்கொள்வதும் இத்தனை பூவுக்கு நடுவிலும் தெளிவாகத் தெரிகிறது.

வெளி மண்டபத்தில், வாசலுக்கு இடப்பக்கம், ஒரு பலகை மட்டும் சாம்பல் பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாக இருக்கிறது. சிவப்பு வருவதற்கு முந்தைய பாணி. எனக்கு அதுவே அதிகம் பிடித்தது, ஏனென்று தெரியவில்லை.

இரவு. ருஸ்தம் பாஷா நல்ல பெயர் எடுத்தவர் இல்லை. சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமாவை இவருக்குக் கட்டிக்கொடுக்கும் பேச்சு வந்தபோது இவருக்குக் குஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்டார்களாம். சுல்தான் அனுப்பிய வைத்தியர் இவர் சட்டையில் ஒரு பேனைக் கண்டுபிடித்தாராம். குஷ்டரோகியிடம் பேன் தங்காது என்பது அன்றைய நம்பிக்கை, அதனால் கல்யாணம் நடந்தது, ‘அதிர்ஷ்டப் பேன்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது! 1544இல் பிரதம வசீர் (சுல்தானுக்கு அடுத்த பதவி). 1553இல் இளவரசர் முஸ்தபாவுக்கு மரணதண்டனை கிடைத்தபோது, அதற்கு இவர்தான் காரணம் என்று படைவீரர்கள் கொதித்ததால் பதவி போயிற்று, இரண்டே வருடத்தில் திரும்ப வந்துவிட்டார். பதவிகளை விற்றுப் பணம் சேர்த்தவர் என்பார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்கு ருஸ்தம் பாஷாவுக்கே போனேன். உள்ளே இடமில்லை, வெளி மண்டபத்தில் அந்தக் கத்தரிப்பூப் பலகையின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. கீழே காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை, மூட்டை தள்ளுபவர்களின் சத்தம், குத்பா (தொழுகைக்கு முந்தைய பிரசங்கம்) ஆரம்பித்ததும் அதுவும் கொஞ்சம் அடங்கியது.

பாஷா 1561 ஜூலையிலேயே இறந்துவிட்டார், இந்தப் பள்ளிவாசல் முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அவரை அடக்கம் செய்ததும் இங்கே இல்லை, ஷெஹ்ஸாதே பள்ளிவாசல் வளாகத்தில். மாலை அங்கேயும் நடந்தேன். அந்தக் கல்லறை மாடத்திலும் சினான் வேலைதான், உள்ளே டைல்ஸ்தான். ஆனால் கதவு பூட்டியிருந்தது.