தொறக்குதுங்களா?

"அண்ணா, லிங்க் தொறக்குதுங்களா?"

"தொறக்குதுங்க தம்பி."

பேசியது இவ்வளவுதான். நான் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருந்தேன். இருட்டிவிட்டதால் வாளையார் தாண்டியதும் யானைக்காக வேகத்தைக் குறைத்து ஊர்ந்துகொண்டிருந்தது. டவர் வந்து வந்து போனது. அண்ணன் என்று நான் கூப்பிடும் மெஷின் ஆபரேட்டர் அந்தப் பக்கம் செகண்ட் ஷிஃப்டில், மெஷினுக்குப் பக்கத்து கம்ப்யூட்டரில். பதில் கிடைத்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு வருஷமாகியும் அந்த ரயில் அதே இடத்தில் ஊரும்போதெல்லாம் இந்த இரண்டு வரியும் காதில் விழுகிறது.

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின மாசம் முழுக்க எங்கள் தலைவலி லிங்க் திறக்காததுதான். போல்டர் பெயரில் இடைவெளி விட்டிருப்போம். மெயில் பார்க்கும் அவுட்லுக்கில் அந்த இடைவெளி வரைக்கும்தான் நீலக்கோடு ஓடும், மிச்சம் கறுப்பாக நிற்கும். அமுக்கினால் 'கிடைக்கவில்லை' என்று வரும். பைல் இருக்கும் பாதையை முன்னும் பின்னும் < > என்ற கோணல் அடைப்புக்குள் போட்டால் முழுதும் லிங்க் ஆகும், இல்லையென்றால் இடைவெளிக்குப் பதில் சதவீதக் குறியும் 20-ம் போடலாம் என்று தேடிக் கண்டுபிடித்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகவே எனக்கு அப்போது லிங்க்கில் இரண்டே வகை: திறப்பது, திறக்காதது. திறந்துவிட்டுத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகும் மூன்றாவது வகை இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

நான் அன்றைக்கு அனுப்பியது ஒரு டிராயிங்குக்கான லிங்க், இசட் டிரைவில் தொடங்கும் பாதை. இசட் என்பது ஒரு இடமே அல்ல, செல்லப்பெயர். எல்லாருக்கும் பொதுவான சர்வரில் இருக்கும் ஒரு போல்டருக்கு அந்தந்தக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும் பெயர். என் வீட்டில் 'பெரியவன்' என்றால் என் அண்ணன். உங்கள் வீட்டில் வேறு யாரோ. உண்மையான முகவரி இரண்டு பேக் ஸ்லாஷ் போட்டு, சர்வர் பெயர் எழுதி, பிறகு போல்டர் பெயர் என்று போகும். அதை எழுதியிருந்தால் யார் அமுக்கினாலும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும். பைலின் மேல் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்து, 'காப்பி அஸ் பாத்' என்பதை அமுக்கினால் பாதை காப்பியாகும். ஆனால் இசட் வழியாகப் போயிருந்தால் அதுவும் இசட் என்றுதான் காப்பி எடுத்துத் தரும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

புது சர்வர் வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. ஆபீஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் இசட்டைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். ஷாப் ஃப்ளோரில் அண்ணனுடைய அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பழைய சர்வரும் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே போல்டர்கள், அதே பைல் பெயர்கள். டிராயிங் திருத்தும்போது பெயரை மாற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாற்றினால் பழைய மெயில்களில் இருக்கும் லிங்க்கெல்லாம் அறுந்துபோகும். லிங்க் அறாமல் இருக்கப் போட்ட வழக்கம். அதனால்தான் அன்றைக்கு அது அறாமல் இருந்தது.

அண்ணன் திறந்தது நான் அனுப்ப நினைத்த மூன்றாவது திருத்தம் அல்ல, பழைய சர்வரில் இருந்த இரண்டாவது. அதில் போர், அதாவது துளை, 22 மில்லி. புது அளவு 20. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியில்லை. விடிவதற்குள் 184 பீஸ் போய்விட்டது.

டிராயிங்கின் வலது கீழ் மூலையில் திருத்த எண் இருக்கும். அதைப் பார்ப்பது மெஷினில் நிற்பவர் வேலை. இதை எனக்கு நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொன்னதும் மனசு லேசாகிறது, மதுக்கரை ஸ்டேஷன் வருவதற்குள் திரும்பவும் கனக்கிறது. ஏனென்றால் 'புது டிராயிங் அனுப்பியிருக்கேன்' என்று மெயிலில் எழுதியவன் நான். புதுசு என்று நான் சொன்ன பிறகு அவர் எண்ணை எதற்குப் பார்க்கணும்? என்னை நம்பியது அவர் தப்பா? ஆனால் சரிபார்ப்பு என்பதே நம்பாமல் இருப்பதற்குத்தானே. இப்படியே போகும்.

மறுநாள் விசாரணை மலையாளத்தில் நடந்தது. அண்ணன் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர், என்னைவிட நன்றாக மலையாளம் பேசுவார். ஆனாலும் மேனேஜர் முன்னால் சொற்கள் குறைந்துவிடும்.

"லிங்க் ஓப்பன் ஆயோ?"

"ஆயி சார்."

நான் ரயிலில் கேட்ட அதே கேள்வி, வேறு பாஷையில். எது ஓப்பன் ஆனது என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள். "சரியான பைலைத்தான் அனுப்பினேன், என் கம்ப்யூட்டரில் இப்போதும் திறக்கிறது" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பொய் இல்லை என்பது அந்த நேரத்தில் சரி. சாயங்காலம் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கறுப்புத் திரையில் 'நெட் யூஸ்' என்று அடித்துப் பார்த்தேன். இசட்டுக்கு நேராகப் பழைய சர்வர் பெயர். வயிற்றில் ஏதோ புரண்டது. ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிஷம். அடுத்த வேலைக்கான டிராயிங்கும் அதே இசட் வழியாகத்தான் திறக்கப் போகிறார்கள். உடனே பழையதை நீக்கிப் புது சர்வருக்கு மாற்றினேன். அதைச் செய்யாமல் விட்டிருக்க முடியாது, இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் மாற்றும் முன்னால் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். போன் சட்டைப் பையிலேயே இருந்தது. மறந்தேனா, மறந்ததாக இப்போது சொல்கிறேனா, எனக்கே பிடிபடவில்லை. அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே சரிசெய்து விட்டேன்.

ஐ.டி. பையனிடம் சொன்னேன். "அது மாற்றியல்லோ சேட்டா, இனி எந்தா?" என்றான். சொல்லியாயிற்று என்று வைத்துக்கொண்டேன். மேனேஜருக்கு ஒரு மெயில் அடித்து, மூன்று நாள் டிராஃப்டில் வைத்திருந்தேன். நாலாம் நாள் அண்ணனுக்கு மெமோ வந்துவிட்டது. ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார். படித்துச் சொன்னேன். தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மெமோவுக்குப் பிறகு மெயில் அனுப்பினால் எதற்கு இத்தனை நாள் என்று கேட்பார்கள் என்று தோன்றியது. டிராஃப்டை அழித்தேன்.

இப்போது நான் இசட் என்று எழுதுவதே இல்லை. இரண்டு ஸ்லாஷ், சர்வர் பெயர், முழுப் பாதை, கோணல் அடைப்பு, அதற்கடியில் திருத்த எண். போன வாரம் டீக்கடையில் அண்ணன் கேட்டார்.

"இப்பல்லாம் லிங்க்கு ரொம்ப நீளமா வருதுங்களே தம்பி, ஏனுங்க?"

"ஐ.டி.ல அப்படிப் போடச் சொல்லியிருக்காங்கண்ணா."

"அப்படிங்களா" என்று டீயை ஆற்றிக் குடித்தார்.