போல்யா கட்சி

பத்தாம் தரத்துக்குக் கணிதத்தில் தொடைகள் (sets, கணங்கள்) பாடம் நடத்தும்போது எனக்கு சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஞாபகம் வரும். 1957இல் அது பறந்ததும் அமெரிக்கா பதறியது. அடுத்த வருஷமே, கணிதச் சங்கங்களின் ஆதரவோடு கணிதவியலாளர் எட்வர்ட் பெகிள் தலைமையில் ஒரு குழு புதுக் கணிதப் பாடநூல்கள் எழுத உட்கார்ந்தது. தொடைகள் அங்கே சின்னப் பிள்ளைகள் வரை இறங்கின. 1959இல் பிரான்சில் கணிதவியலாளர் தியூதொனே பள்ளி வடிவியலின் தந்தை யூக்ளிட்டையே பாடத்திலிருந்து வெளியே போகச் சொன்னார் (பெரிய மனுஷர், சொல்லலாம்!).

கணித மேதைகள் எல்லாரும் தலையாட்டவில்லை. 1962இல் கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா உட்படப் பலர் கையெழுத்திட்ட அறிக்கை, கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கித்தான் அருவமானதற்குப் போகவேண்டும் என்றது.

நானும் அந்தக் கட்சிதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளிடம் வென் வரிப்படம் கீறினால், ஒரு வட்டத்தில் அம்மா கொழுந்து பறிக்கிற வீடுகள், மற்றதில் அண்ணன் கொழும்பில் வேலை செய்கிற வீடுகள். இடைவெட்டில் பெயர் எழுத இடம் போதாது.