சிமிட்டி வாத்தியார் மகள்

மார்ச் 4, 2024, திங்கள்
இமை தன்னால் இழுத்து மூடிக்கொள்வதற்கு ஊசி போட்டாயிற்று. ஒவ்வொரு கண்ணையும் சுற்றி ஐந்து குத்து. இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசுதான், ஆனாலும் மூக்கோரம் குத்தும்போது தன்னால் கண்ணீர் வந்துவிட்டது. தேய்க்கக் கூடாது. வேலை செய்ய மூன்று நாலு நாள் ஆகுமாம், மூன்று மாசம் நிற்குமாம், அப்புறம் மறுபடி. சினிமாக்காரர்கள் சுருக்கத்துக்குப் போடுகிற அதே போடாக்ஸ். ஆனால் அமெரிக்காவில் 1989-ல் முதலில் அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இந்த இமை இழுப்புக்கும்தானாம். சுருக்கத்துக்கு 2002-ல்தான்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்கும் உண்டாம்மா?" இல்லை என்றேன்.

மார்ச் 5
ஏன் இல்லை என்றேன்.

மார்ச் 6, புதன்
பரண் மேலிருந்த ஆல்பத்தை இறக்கினேன். அப்பா பதினோரு போட்டோவில் இருக்கிறார். எட்டில் கண் மூடியிருக்கிறது. என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதும்தான். பிளாஷ் பட்டு மூடிக்கொண்டார் என்றே இத்தனை வருஷமும் சொல்லிவந்தோம். அத்தை எல்லாப் படத்திலும் கறுப்புக் கண்ணாடி. அவருக்குப் புரை ஆபரேஷன் ஆனதே இல்லையே?

எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பொம்பளைக்கு இடது கண்ணு துடிச்சா நல்லதுதான்" என்றார். எனக்கு இரண்டும் துடிக்கிறது. கணக்கு நேராகிவிட்டது போல.

மார்ச் 8
சிவராத்திரி. ஊரே கண் விழிக்கிறது. எனக்கு ஏழு மணிக்கே ஷட்டர் இறங்கிவிட்டது.

மார்ச் 9, சனி
அப்பாவுக்கும் ஐம்பது தாண்டித்தான் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் சிமிட்டி வாத்தியார் என்று பெயர். ஒருநாள் ஒரு பெண்ணின் அண்ணன் வாசலில் வந்து நின்று, "எந்தங்கச்சியப் பாத்துக் கண்ணடிச்சீராமே" என்று தெருவே கேட்கக் கத்தினான். அப்பா பதில் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், கை நடுங்கிக் காம்பெல்லாம் சுண்ணாம்பு. அம்மா இரண்டு மாசம் அவரோடு பேசவில்லை. நானும்தான் பக்கத்தில் உட்காரவில்லை.

வெற்றிலை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன். வாயில் போட்டு மென்றால் அவருக்குக் கண் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில்தான் பேப்பர் படிப்பார். எனக்குப் பாடினால் விடுகிறது. வகுப்பில் செய்யுளை ராகம் போட்டுச் சொல்லும்போது இமை அடங்கிக் கிடக்கும், விடைத்தாளோடு குனிந்தால் இழுத்து மூடும். மெல்லுவது, பாடுவது, நெற்றிப்பொட்டில் விரல் வைப்பது, இதெல்லாம் இந்த நோயை ஏமாற்றும் வித்தைகள் என்று டாக்டர் சொன்னார். மனசில் கள்ளம் இருந்தால் வெற்றிலைக்கா அடங்கும்?

மார்ச் 10
என் மகள் பாப்பாவிடம் வீடியோவில் பேசினேன். பேச்சு காதில் ஏறவில்லை, அவள் சிமிட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. பதினைந்து, இருபது வரை சாதாரணமாம்.

மார்ச் 11, திங்கள்
டாக்டருக்கு போன் போட்டு அப்பாவைப் பற்றிச் சொன்னேன். திட்டவில்லை. கோளாறு கண்ணில் இல்லையாம், மூளைக்குள்ளே அசைவை அடக்கி ஆளும் முடிச்சுகளில். பத்துப் பேருக்கு ஒன்றிரண்டு பேர் வீட்டில்தான் இன்னொருவருக்கும் இருக்குமாம். மரபணு பெயர்கள் சொன்னார், தாப் 1, ஜிஎன்ஏஎல். சில குடும்பங்களில் மட்டும் அவை பழுதாகியிருக்கிறது. டார்1ஏ என்று ஒன்று 1997-ல் கண்டுபிடித்தது, அந்த மரபணுவின் எழுத்து வரிசையில் மூன்றே எழுத்து குறைகிறது. அது பெரும்பாலும் சின்ன வயசில் கை காலை முறுக்குகிற வகை. அதிலேயே பழுதைச் சுமக்கிறவர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குத்தான் நோய் வெளியே வருமாம். மற்றவர்கள் சுமந்துகொண்டே செத்துப்போகிறார்கள், தெரியாமலேயே.

பாப்பாவுக்கு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். பெரும்பாலானவர்களுக்கு எந்த மரபணுவும் சிக்குவதில்லை, ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வராது என்று அர்த்தமில்லை, வேண்டாம் என்றார். கண் உலராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

கண் உலர்வதாகப் போன மாசம்தான் சொன்னாள்.

மார்ச் 13
திறந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகள் அத்தனையும் வாசித்தேன். முட்டை மொத்த வியாபாரம். பாத்திரங்களுக்கு ஈயம் பூசப்படும். இடது இமை கொஞ்சம் தொங்குகிறது, போகட்டும்.

மார்ச் 14
இன்றைக்கு பாப்பா சிமிட்டியது நிமிஷத்துக்கு இருபத்தைந்து.

மார்ச் 16, சனி
"எதுக்கும்மா என்னையே உத்து உத்துப் பாக்குற?" என்று கேட்டுவிட்டாள். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அத்தை ஏன் கறுப்புக் கண்ணாடி போட்டார் என்று கேட்க அத்தானுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி மறுபடி போட வேண்டும்.