விதானையாரும் அரைக் கிலோத் தூளும்

அம்மாவின் மிளகாய்த்தூளுக்கு எங்கள் ஒழுங்கையில் எப்பவோ பேர் வந்துவிட்டது. கனடாவுக்கும் சுவிசுக்கும் போற சூட்கேஸ்களில் உடுப்புக்கு இடமில்லாட்டிலும் எங்கள் வீட்டுத் தூளுக்கு இடமிருக்கும். போன வருசம் கொழும்புக் கடைக்காரர் ஒருவர் மாதம் 20 கிலோ கேட்டார். அம்மா சரியெண்டு தலையாட்டி முடிக்கமுன் அடுத்த கேள்வி வந்தது.

"பி.ஆர் இருக்கோ அம்மா?"

"பிறசர் இருக்குத் தம்பி. சீனியும் கொஞ்சம் கிடக்கு."

வியாபாரப் பதிவைத்தான் எல்லாரும் பி.ஆர் எண்டு சொல்லினம் எண்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி நேரம் போனது. கொழும்பில் இருக்கிற மச்சான் போனிலேயே சட்டம் படிப்பித்தான். "2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி பங்குதாரர் ஒரே ஆள் போதும், ஒன்லைனில பதியலாம், ஒரு செயலாளர் மட்டும் வேணும்." அம்மா கறிக்குத் தாளிச்சுக்கொண்டே கேட்டா: "என்ர குசினிக்கு ஒரு செயலாளரோ?" கம்பனிக் கதை அதோடை முடிஞ்சது. தனியாள் வியாபாரமாகப் பிரதேச செயலகத்தில் பதிவது எண்டு முடிவெடுத்தோம்.

பேர் வைக்கத்தான் ரெண்டு கிழமை. அப்பா "நல்லூரான்" எண்டார். பைக்கற்றைக் கிழிச்சுக் குப்பையிலை போடுவினம், முருகனை அப்பிடிப் போடேலுமோ எண்டு அம்மா மறுத்தா. அப்ப உங்கட பேரையே வைப்பம் எண்டு தங்கச்சி சொல்ல, "என்னை மட்டும் குப்பையிலை போடலாமோ?" எண்டு அதுக்கும் இல்லை. கடைசியில், ஒழுங்கை முகப்பில் ஒரு பழைய கிணறு இருக்கிறதால் சனம் எங்கள் வீட்டைச் சொல்கிற பேரே நின்றது: கிணத்தடி.

அடுத்தது பத்திரங்கள். வீடு அம்மாவின் சீதனம். "என்ர வீடு, என்ர வீடு" எண்டு முப்பது வருசமாகச் சொல்லித் திரிந்த அப்பா அண்டைக்குத்தான் உறுதியை முதன்முதலாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசவில்லை. பிரச்சினை அதில்லை. உறுதியில் அம்மாவின் பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஆங்கிலத்தில் எழுதினவர் ஒருத்தர் 'எச்' போட்டிருக்கிறார், மற்றவர் மிச்சம் பிடித்திருக்கிறார். ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டி வந்தது. "காலமை ஒராள், பின்னேரம் ஒராள் எண்டு நான் அப்பவே சொன்னனான்" எண்டார் அப்பா. அண்டு மத்தியானம் அவருக்குச் சோத்தோடு வெறும் பருப்பு.

பிறகு விதானையாரின், அதுதான் கிராம சேவகரின், அறிக்கை. அவர் இடம் பார்க்க வந்தார். எங்கள் குசினி அவருக்குப் புதுசில்லை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து தூள் வாங்குகிற மனுசன். எண்டாலும் அண்டைக்குக் கையில் பைல் இருந்தது, முகமும் வேறை.

"வியாபாரம் தொடங்கியாச்சோ?"

தொடங்கி 14 நாளுக்குள் பேரைப் பதிய வேணும் எண்டது 1918ஆம் ஆண்டுச் சட்டம் எண்டு மச்சான் முதல்நாள்தான் வெருட்டியிருந்தான். அம்மா தூள் விற்கத் தொடங்கிப் பதினொரு வருசம்.

"இன்னும் தொடங்கேல்லை" எண்டா அம்மா.

"அப்ப போன ஞாயிறு நான் கொண்டுபோன அரைக் கிலோ?"

"அது அன்பளிப்பு."

"1,200 ரூபா தந்தனான் அம்மா."

"அதுவும் அன்பளிப்புத்தானே ஐயா."

விதானையார் பேனையைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். என்ன எழுதினார் எண்டு எனக்குத் தெரியாது. அறிக்கை கிடைத்தது.

செயலகத்தில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. போமில் 'வியாபாரத்தின் தன்மை' எண்ட இடத்தில் நான் மிளகாய்த்தூள் எண்டு எழுதியிருந்தேன். "வெறும் மிளகாயை அரைக்கிறதோ?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டதுதான் பிழை. அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்தா. செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எண்டு ஒவ்வொண்டாக விரல் மடிச்சு, ஒவ்வொண்டையும் தனித்தனியாக வறுக்க வேணும், வெந்தயம் கறுத்தால் முழுத்தூளும் கைக்கும், சூடாற முன் மில்லுக்குக் கொண்டுபோகக் கூடாது எண்டு வந்து, திடீரெண்டு நிப்பாட்டி என்ர காதுக்குள் கேட்டா: "அளவும் எழுத வேணுமோ? அதைச் சொல்ல மாட்டன்." எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிண்ட அக்கா கையில் பேனையோடு ஆயத்தமாக நிண்டது எனக்கு மட்டும்தான் தெரியும்.

போமை வாங்கி வைத்துவிட்டு அந்தப் பிள்ளை சும்மா ஒரு கதை சொன்னது. சொந்த முழுப்பேரில் மட்டும், வேறை ஒரு சொல்லும் சேர்க்காமல் வியாபாரம் செய்தால், அந்த 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி பேர் பதியவே தேவையில்லையாம். அம்மா என்னைப் பார்த்தா. நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

இனிப் பி.எச்.ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வர வேணும், பைக்கற்றில் காலாவதித் திகதி அடிக்க வேணும். அது வேறை கதை.

சான்றிதழை வியாபாரம் நடக்கிற இடத்தில் ஆட்கள் காணக்கூடியதாக மாட்ட வேணுமாம். எங்களுக்கு அந்த இடம் குசினி. கண்ணாடி போட்டு, கரி படாத உயரத்தில், சாமிப் படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டினோம். அந்த ஞாயிறு விதானையார் வந்தார். சான்றிதழை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார், வழக்கமான அரைக் கிலோவை வாங்கினார், காசை நீட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப இண்டைக்கு அன்பளிப்போ, வியாபாரமோ?"

"வியாபாரம்" எண்டா அம்மா. "நூறு ரூபா கூட."