மயிலின் கழுத்தும் ‘டிசைன்’ என்ற சொல்லும்

போன வாரம் பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “மிஸ், ‘பை டிசைன்’னா என்ன?” என்று கேட்டான். ‘தற்செயலாக அல்ல, வேண்டுமென்றே’ என்று பலகையில் எழுதிப் போட்டேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் இருந்த பெண் மட்டும் எழுதவில்லை. “டிசைன்னா பூ, கொடி, மாங்காய்தானே மிஸ்? வேண்டுமென்றே செய்யறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வீடு வரும்வரை மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அவளும் காஞ்சிபுரத்துப் பெண். நான் அதே ஊரின் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். எனக்கே பதில் சொல்லத் தெரியாவிட்டால் வேறு யார் சொல்வது?

நம் பேச்சில் இந்தச் சொல் படாதபாடு படுகிறது. கடையில் “இதே டிசைன்ல வேற கலர் காட்டுங்க” என்கிறோம். வளையலுக்கு டிசைன், கேட்டுக்கு டிசைன், கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன். திருந்தாத ஆளைப் பார்த்து “அவன் டிசைனே அப்படி” என்கிறோம். அம்மா கோலத்தைக்கூட டிசைன் என்றுதான் சொல்வார். அப்பா வாயில் மட்டும் இந்தச் சொல் வேறு மாதிரி வரும். “டிசைன் ஏத்தியாச்சா?” என்று அவர் கேட்டால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அட்டைச் சரத்தை மாட்டியாயிற்றா என்று அர்த்தம். அவருக்கு டிசைன் என்பது கையில் தூக்கக்கூடிய ஒரு பொருள். நல்ல கனமும் இருக்கும்.

படம் முதலில் கிராப் தாளில் வரும். ஒரு மயில் என்றால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, தள்ளி நின்று பார்த்தால் மயிலாகத் தெரியும்படி வரைந்திருப்பார்கள். தாளில் ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டம் இருக்கும் இடத்தில் அட்டையில் ஓட்டை. ஓட்டை இருந்தால் அந்த இடத்துக் கொக்கி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் நூல் கீழேயே கிடக்கும். தூக்கிய நூலுக்கு அடியில் ஜரிகை ஓடும். அவ்வளவுதான். 1804-இல் பிரான்ஸின் லியோன் நகரத்தில், பட்டு நெய்கிறவர்களுக்காக ஜோசப் மரீ ஜக்கார்டு உண்டாக்கிய பொறி. அவர் பெயர்தான் எங்கள் தெருவில் தினமும் அடிபட்டது.

அட்டைகளை எண் வரிசைப்படி கயிற்றால் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டினால் சரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கோக்கிற வேலை எனக்கும் அண்ணனுக்கும். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் எட்டு அட்டைகளை வரிசை மாற்றிக் கோத்துவிட்டேன். அடுத்த நாள் சாயங்காலம் அப்பா தறிக்குழியிலிருந்து கூப்பிட்டார். “அம்மாடி, இங்க வா. கழுத்தைப் பாரு.”

கரையில் மூன்று மயில்கள். மூன்றுக்கும் கழுத்து ஒரே இடத்தில் ஒடிந்திருந்தது, ஒரே அளவில், ஒரே பக்கமாக.

அவர் திட்டவில்லை. விரலை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, “கைத்தப்பா இருந்தா ஒரு மயில்ல வரும். அடுத்ததுல வராது. இது மூணுலயும் வருது பாரு, அப்ப டிசைன்லயே இருக்கு” என்றார். அப்புறம் சரத்தை இறக்கி, எட்டு அட்டைகளையும் சரியாகக் கோத்து, நெய்ததை ஊடை ஊடையாக, ஒவ்வொரு குறுக்கு நூலாகப் பிரித்தார். ஒன்றரை நாள் கூலி போயிற்று. பிரித்த ஜரிகையை அம்மா ஒரு நூல் விடாமல் சுற்றி வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நூல் அறுந்து வருவது தற்செயல். அட்டையில் இருந்து வருவது பை டிசைன். பூவும் கொடியும் துணியில் விழுவதற்கு முன்பே, எங்கே தூக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அந்த முடிவுக்கும் டிசைன் என்றுதான் பெயர், துணியில் தெரியும் பூவுக்கும் அதே பெயர்தான்.

சொல்லின் வேரும் இதையேதான் சொல்கிறது. லத்தீனில் ‘டெசிக்னாரே’ என்றால் குறித்துக் காட்டுவது. பிரெஞ்சுக்காரர்கள் அதிலிருந்து வந்ததை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். சித்திரத்துக்கு ஒரு சொல், எண்ணத்துக்கு ஒரு சொல். காதுக்கு இரண்டும் ஒன்று, எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆங்கிலம் பிரிக்காமல் ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துக்கொண்டது.

நம் நாட்டு டிசைன் சட்டம், 2000-இல் வந்தது, வேறு மாதிரி சொல்கிறது. முடிந்த பொருளில் கண்ணால் மட்டுமே பார்த்து மதிப்பிடும் வடிவம், பேட்டர்ன், அலங்காரம் ஆகியவைதான் அதற்கு டிசைன். பதிவு செய்தால் 10 வருஷம் உரிமை, மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். புதிதாக இருந்தால்தான் பதிவு. அதனால் காலங்காலமாகப் புடவையில் நெய்துவரும் தாழம்பூ ரேக்கையோ மயில்கண்ணையோ ருத்ராட்சத்தையோ யாரும் இனிமேல் தன்னுடையது என்று எழுதி வாங்க முடியாது. அது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் ‘கண்ணால் மட்டுமே’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பா புடவையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவித்தான் டிசைன் சுத்தமாக வந்திருக்கிறதா என்று சொல்வார்.

அவர் தறியை விட்டு ஆறு வருஷமாகிறது. பரணில் ஒரு சரம் மட்டும் கிடந்தது. திங்கட்கிழமை அதிலிருந்து நாலு அட்டைகளை அவிழ்த்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் ஒன்றை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஓட்டைகள் வழியாக வெயில் அவள் நோட்டில் புள்ளி புள்ளியாக விழுந்தது. “இதுல மயில் எங்க மிஸ்?” என்றாள். அடுத்த அட்டையையும் அவள் கையில் கொடுத்தேன்.