தேடி வருபவரும் வழி தவறி வருபவரும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் அமர்ந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பருப்பை இணையத்தில் விற்கும் சிறிய தளம் ஒன்றைக் கவனித்துக்கொள்வது 2021 முதல் என் வேலை. முதலாளியின் குடும்பம் காடாம்புலியூரில் இரண்டு தலைமுறையாக முந்திரிக்கொட்டை உடைத்து, பருப்பாக்கி, மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தது. ஊரடங்குக் காலத்தில் லாரிகள் நின்று, சரக்கு கிடங்கிலேயே தேங்கியபோதுதான், வீடுகளுக்கு நேராக விற்றுப் பார்க்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நான் சேர்ந்த நேரத்தில் தளம் இருந்தது, பொருள்கள் இருந்தன, ஆனால் அங்கே வந்து பார்ப்பவர்கள் ஒரு நாளைக்கு இருபது பேரைத் தாண்டவில்லை. அந்த எண்ணிக்கையை உயர்த்துவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்று நானும் நம்பினேன், முதலாளியும் நம்பினார்.

அந்த நம்பிக்கையில்தான், மாதம் பத்தாயிரம் வருகைகள் உறுதி என்று சொன்ன ஒரு விளம்பர நிறுவனத்திடம் மூன்று மாதங்களுக்குப் பணம் கட்டினோம். சொன்னபடி வருகை வந்தது. வரைபடம் செங்குத்தாக ஏறியது. ஆர்டர் மட்டும் முன்பு போலவே வாரத்துக்கு நான்கைந்தில் நின்றது. இரண்டாம் மாதக் கடைசியில் முதலாளி என் மேசைக்கு அருகில் நின்று திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாசல்ல இவ்ளோ பேரு நிக்கறாங்க, உள்ள வந்து ஒருத்தர்கூட வெல கேக்கலியே தம்பி" என்றார். அன்று இரவு அந்த வருகைகள் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பகுதி கைப்பேசி விளையாட்டுச் செயலிகளுக்குள் தோன்றும் விளம்பரங்களிலிருந்து வந்திருந்தது. விளம்பரத்தை மூடுவதற்காக வைத்த விரல் தவறிப் பட்டு எங்கள் பக்கத்தைத் திறந்தவர்கள் இரண்டு மூன்று விநாடிகளில் வெளியேறியிருந்தார்கள். முந்திரி வேண்டும் என்று நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவரின் விரல் நழுவியதற்கு, வெயிலில் கொட்டை காயவைத்துச் சம்பாதித்த பணத்திலிருந்து நாங்கள் கட்டணம் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டு, கூகுள் தேடல் விளம்பரத்தை நானே கற்றுக்கொண்டு நடத்தத் தொடங்கினேன். தேடல் விளம்பரத்தில் ஒருவர் ஏதோ ஒன்றைக் கேட்கிறார், அந்தக் கேள்விக்கு எதிரில் நாம் நிற்கிறோம். எனவே தவறான ஆள் வர வாய்ப்பில்லை என்று எண்ணினேன். முந்திரி என்ற ஒற்றைச் சொல்லை, அதைச் சார்ந்த எல்லாத் தேடல்களுக்கும் பொருந்தும்படி விரிவான பொருத்தத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்து, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து எங்கள் விளம்பரத்தைக் கண்டார்கள் என்று காட்டும் தேடற்சொல் அறிக்கையைத் திறந்தேன். இந்த வேலையில் நான் கற்றவற்றில் பாதி அந்த ஓர் அறிக்கையிலிருந்து வந்தது என்று சொல்வேன்.

முந்திரிக்கொத்து செய்வது எப்படி என்று தேடியவர்கள் வந்திருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துப் பலகாரமான முந்திரிக்கொத்தைப் பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். அதற்கு எங்கள் பருப்பு தேவையே இல்லை. வெளிநாடுகளில் வாழும் இலங்கைத் தமிழர் சிலர் முந்திரிகை வற்றல் தேடி வந்திருந்தார்கள். அவர்கள் வழக்கில் முந்திரிகை என்பது திராட்சை, நாம் முந்திரிப் பருப்பு என்பதை அவர்கள் கஜு என்கிறார்கள். முந்திரி உடைக்கும் இயந்திரம் விலை, முந்திரிக் கம்பெனியில் வேலை, முந்திரித் தோப்பு விற்பனைக்கு, முந்திரி ஓட்டு எண்ணெய் என்று அடுத்தடுத்த வரிகள் நீண்டன. அந்த வரிகளில் எதுவும் பிழையான தேடல் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தெளிவாகவே கேட்டிருந்தார்கள். நான்தான் ஒரே சொல்லைப் போட்டு எல்லாரையும் ஒரே வாசலுக்கு இழுத்திருந்தேன்.

இந்தத் தேடல்களுக்கு விளம்பரம் காட்டாதே என்று அறிவிக்கும் விலக்குச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இதில் தமிழில் வேலை செய்பவருக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. விளம்பரம் காட்டுவதற்காகக் கொடுக்கும் சொல்லுக்கு அதன் நெருங்கிய வடிவங்களையும் கூகுள் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. விலக்குவதற்காகக் கொடுக்கும் சொல்லுக்கு, எழுத்துப்பிழைகளைத் தவிர, அந்தச் சலுகை கிடையாது. இயந்திரம் என்று விலக்கினால் இயந்திரத்தின் என்பது நிற்பதில்லை, மெஷின் என்பதும் நிற்பதில்லை. வேற்றுமை உருபுகள் ஒட்டிய வடிவங்களையும், ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதித் தேடுவோரின் எழுத்துக்கூட்டல்களையும் தனித்தனியே கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு தேடலை விலக்கும்போது மட்டும் மனம் ஒப்பவில்லை. விஆர்ஐ 3 என்ற முந்திரி ரகத்தின் ஒட்டுக்கன்று எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள் எங்கள் மாவட்டத்து விவசாயிகள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இங்குள்ளவர்கள் யாரும் மறக்கவில்லை. முதலாளியின் தோப்பும் அதில் போனதுதான். அந்த ரகம் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என்பதையும், கன்றுக்கு அங்கே விசாரிக்கலாம் என்பதையும் சொல்லும் ஒரு சிறு பக்கத்தைத் தளத்தில் எழுதி வைத்துவிட்டு, விளம்பரத்திலிருந்து மட்டும் அந்தச் சொல்லை நீக்கினேன். அந்தப் பக்கத்தால் எங்களுக்கு விற்பனை எதுவும் இல்லை. இருந்தும் அது அங்கேயே இருக்கட்டும் என்பது என் முடிவு.

வேண்டாதவர்களை நிறுத்தியாயிற்று, வேண்டியவர்கள் எந்தச் சொல்லோடு வருவார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. அந்த விடை என் மேசைக்கு எதிர் மேசையில் ஒரு வருடமாக இருந்திருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் அக்கா ஒருவர் எங்களிடம் தொலைபேசி ஆர்டர் எடுக்கிறார். அழைப்பவரின் ஊர், கேட்ட அளவு, அவர் கேட்ட கேள்வி ஆகிய மூன்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பது அவருடைய பழக்கம். ஒருநாள் மின்சாரம் இல்லாத மதியத்தில் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். பாயசத்துக்கு எந்தப் பருப்புப் போதும், கால் கிலோ அனுப்புவீர்களா, உப்பில்லாமல் வறுத்தது உண்டா, வண்டு விழாமல் எத்தனை மாதம் வைக்கலாம், தீபாவளிக்கு ஆபீஸில் முப்பது பேருக்குக் கொடுக்கப் பெரிய பருப்பாக வேண்டும், வெண்பொங்கலுக்கு உடைந்தது இருந்தால் விலை குறையுமா என்று பக்கம் பக்கமாக இருந்தது. பக்கங்களைத் திருப்பத் திருப்ப, எங்கள் தளத்தில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை என்பது தெரிந்தது.

தளத்தில் இருந்ததெல்லாம் டபிள்யூ 320, டபிள்யூ 240, டபிள்யூ 180 என்ற தலைப்புகள். இவை முந்திரி வியாபாரத்தில் உலகம் முழுவதும் வழங்கும் தரப்பெயர்கள்; ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் எத்தனை முழுப் பருப்புகள் நிற்கும் என்பதை அந்த எண் குறிக்கிறது. எண் சிறியதாக இருந்தால் பருப்பு பெரியது, விலையும் அதிகம். எங்களுக்கு இது தினசரிப் பேச்சு. வீட்டில் சமைப்பவர் இந்த எண்ணோடு தேட மாட்டார். அந்த எண்ணைத் தட்டச்சு செய்து தேடுபவர் பெரும்பாலும் இனிப்புக் கடைக்காரராகவோ மறுவிற்பனையாளராகவோ இருப்பார். அவருக்குக் கால் கிலோப் பொட்டலத்தின் படத்தைக் காட்டினால் அடுத்த நொடி போய்விடுவார். இருவரும் வாங்கக்கூடியவர்கள், இருவரையும் நாங்கள் ஒரே பக்கத்தில் நிற்கவைத்து இருவரையும் இழந்துகொண்டிருந்தோம்.

எனவே பக்கங்களைப் பயன்பாட்டை வைத்துப் பிரித்தேன். பாயசம், பொங்கல், கேசரி ஆகியவற்றுக்கு அரைப் பருப்பு போதும், முழுப் பருப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பக்கம் எழுதினேன். விலை கூடிய பொருளை விற்க வேண்டிய நாமே இப்படி எழுதலாமா என்று முதலாளி தயங்கினார். ஆறு மாதத்தில் அதுதான் தளத்திலேயே அதிக ஆர்டர் தரும் பக்கமாக ஆனது. அரைப் பருப்பு வாங்கிய பலர், பண்டிகைக்குப் பெரிய பருப்பு வாங்கவும் எங்களிடமே திரும்பி வந்தார்கள். அன்பளிப்புக்கென ஒரு பக்கமும், கடைக்காரர்களுக்கு எண்ணிட்ட தரங்களோடும் பத்துக் கிலோ அளவுகளோடும் ஒரு பக்கமும் தனித்தனியே அமைந்தன. ஒவ்வொரு விளம்பரமும் முகப்புக்குப் போகாமல், கேட்ட கேள்விக்குரிய பக்கத்துக்கே நேராகப் போகும்படி மாற்றினேன்.

நான் மிகவும் யோசித்தது பண்ருட்டி என்ற சொல்லைப் பற்றித்தான். எந்தத் தேடலில் நம் தளம் தோன்றியது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பதினாறு மாதத் தேடல் விவரம் கிடைக்கிறது. அதைப் பார்த்தபோது, பண்ருட்டி முந்திரி என்று ஊர்ப்பெயரோடு தேடி வருபவர்களே நின்று படிப்பவர்களாகவும் வாங்குபவர்களாகவும் இருந்தது தெரிந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் கடலூர்க்காரர்கள், புதுச்சேரிக்கு வந்துபோகையில் பண்ருட்டிச் சாலையோரக் கடையில் வாங்கிச் சென்ற சுவை நினைவில் இருப்பவர்கள், இந்த மண்ணில் பிறந்து வேறு ஊரில் குடும்பம் நடத்துபவர்கள் என்று அக்காவின் நோட்டும் அதையே சொன்னது. அந்தச் சொல்லை எல்லாப் பக்கங்களிலும், எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் நிரப்பலாம் என்ற ஆசை எனக்கு வந்தது. ஒரு பக்கத்தில் அப்படி நிரப்பியும் வைத்தேன். வாசித்துப் பார்த்தபோது மனிதர் எழுதியது போலவே இல்லை. சொற்களை அப்படித் திணிப்பதைக் கூகுள் விதிமீறலாகவே கருதுகிறது. நீக்கிவிட்டேன்.

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. பண்ருட்டிப் பக்கத்தில் உடைக்கப்படும் கொட்டை எல்லாம் இங்கே விளைவதில்லை. உள்ளூர் விளைச்சல் ஆண்டு முழுவதற்கும் போதாததால், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் கொட்டையையும் இங்கே உடைக்கிறார்கள். இது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்தது, அதில் ஒளிப்பதற்கும் எதுவுமில்லை. ஆனால் ஊர்ப்பெயரைச் சொல்லித் தேடி வரும் ஒருவர் இந்தச் செம்மண்ணில் காய்த்ததை எதிர்பார்த்து வருகிறார். இரண்டையும் ஒரே தலைப்பில் விற்றால், அவர் தேடிய சொல்லை நாம் அவருக்கு எதிராகவே பயன்படுத்துகிறோம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கிடங்கில் மூட்டைகளைத் தனித்தனியே அடுக்கச் சொல்லிவிட்டு, "எழுதறத எழுது, பாத்துக்கலாம்" என்றார். உள்ளூரில் விளைந்தது என்ற தலைப்பு சித்திரை, வைகாசி வாக்கில் புதுக்கொட்டை வரும்போது திறந்து, இருப்பு தீர்ந்ததும் மூடப்படும். மற்றதன் கீழே, இறக்குமதிக் கொட்டை, காடாம்புலியூரில் உடைத்தது என்றே எழுதியிருக்கிறோம். முதல் ஆண்டில் சிலர் அந்த வரியைப் படித்துவிட்டு வாங்காமல் போனதும் உண்மை. உள்ளூர்ச் சரக்குத் தீர்ந்தால், வந்ததும் சொல்லுங்கள் என்று எண் கொடுத்துக் காத்திருப்பவர்களின் பட்டியல் இப்போது வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு விளம்பரத்துக்காக ஒரு ரூபாயும் நான் செலவழிப்பதில்லை.

மற்ற திருத்தங்கள் எல்லாரும் செய்பவை. கைப்பேசியில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்கி, பக்கம் இரண்டரை விநாடிக்குள் விரியும்படி செய்தோம். அஞ்சல் செலவு கடைசிப் படியில் திடீரெனத் தோன்றியதால் பலர் பாதியில் விலகினார்கள். அதைப் பொருளின் விலைக்கு அருகிலேயே காட்டினோம். பண்டிகைப் பக்கங்களைப் பண்டிகை வாரத்தில் எழுதிப் பயனில்லை, தேடலில் ஏறுவதற்குக் காலம் பிடிக்கிறது என்பதால், தீபாவளிக்கானதை ஆடியிலேயே எழுதி முடிக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு வருகையின் வரைபடம் அந்தப் பத்தாயிரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. அதில் பாதிக்கும் கீழேதான் நிற்கிறது, ஆர்டர் மட்டும் நாள் தவறாமல் வருகிறது. மாதக் கணக்கு காட்டும்போது வருகை எண்ணை முதல் வரியில் எழுதும் வழக்கத்தை நிறுத்தி, எந்தத் தேடலில் வந்தவர் என்ன வாங்கினார் என்பதையும், வாங்காமல் போனவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலைகளில் அக்காவின் நோட்டை வாங்கி, புதிதாக வந்த கேள்விகளைக் கணினியில் ஏற்றுவது இப்போது என் வாரக் கடைசி வேலை. இந்த வாரம் மூன்று பேர், ஒருவர் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்தும் இருவர் சென்னையிலிருந்தும், தோல் நீக்காமல் வறுத்த பருப்பு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் அது இருக்கிறது. இதுவரை தளத்தில் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை காடாம்புலியூருக்குப் போய், வெயில் ஏறுவதற்கு முன் அதைப் படம் எடுத்து வர வேண்டும்.